பபூனைப் பார்த்து அழுத பிள்ளை

எனக்குப் பபூன் என்றால் பயம். கடலாடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது பெரிய சங்கடம். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு ஊர்க் கோயிலில் நாடகம் இருந்துகொண்டே இருக்கும். மேடைக்கு முதலில் வருகிறவர் பபூன்தான். முகமெல்லாம் வெள்ளை அப்பி, கன்னத்தில் சிவப்பு வட்டம் வைத்து, கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு குதித்து வருவார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பேன்.

வளர்ந்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. செவிலியர் படிப்பு முடித்து, அரசு வேலை கிடைத்து, ரத்தத்தையும் பிரசவத்தையும் முகம் சுளிக்காமல் பார்க்கப் பழகிய பிறகும் அந்தப் பயம் அப்படியே இருந்தது. துணிக்கடை வாசலில் கோமாளி வேஷத்தில் ஒருவர் நின்று கைகுலுக்க வந்தால் எதிர்ப்புறம் கடந்து போய்விடுவேன். உள்ளங்கை வியர்க்கும். அதன் பிறகு அரைமணி நேரத்துக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை தேவிபட்டினம் பக்கத்துக் கடலோர ஊர். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சம்பந்தம் கொண்டுவந்த உறவுக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருக்காரு. கல்யாணம் பண்ணிக்கல. பகல்ல தையல் மிசினு, சீசன்ல நாடகம்" என்றார்.

"என்ன வேசம் கட்டுறாரு?" என்று அய்யா கேட்டார்.

"பபூன்."

அய்யா சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனாலும் மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் வேஷம் கட்டுகிறார் என்பதற்காக ஒருவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அத்தான், அதாவது கணவரின் அண்ணன், நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். பள்ளிச் சீருடை தைப்பவர். வீட்டில் யார் தூங்கினாலும் மிஷினை நிறுத்திவிடுவார். மேடையில் ஆயிரம் பேரைச் சிரிக்க வைக்கிறவர் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். கண்ணாடி போட்ட அந்த முகத்தோடு எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் கூடத்துச் சுவரில் இருந்தது. அவருடைய வேஷப் படம் போட்ட நாடக நோட்டீஸ் ஒன்றை அங்கே ஒட்டியிருந்தார்கள். கல்யாணமான நாலாம் நாள் அதன்மேல் ஒரு மாதக் காலண்டரைத் தொங்கவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காற்றில் காலண்டர் தூக்கியபோது பார்த்தேன், பின்னால் நோட்டீஸ் இல்லை. சுரண்டி எடுத்த சுவடு மட்டும் இருந்தது. யார் எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த நாட்களில் பயத்தைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான முடிவு இருந்தது. புதன்கிழமைதோறும் எங்கள் துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவோம். ஒன்றரை மாதத்தில் முதல் ஊசிக்கு வருகிற குழந்தை என்னை வேடிக்கை பார்க்கும். சில குழந்தைகள் ஊசியைப் பார்த்துச் சிரிக்கும். குத்திய பிறகுதான் அழுகை. அதே குழந்தை ஒன்பதாம் மாதம் வரும்போது வாசற்படியிலேயே என் சீருடைச் சேலையைப் பார்த்து அலறும். அந்த அலறலுக்கும் முன்னால் தாய் அதை இறுக்கிப் பிடிப்பாள், மூச்சை அடக்குவாள். குழந்தைக்கு அது போதும். இப்படி வாரம் தவறாமல் பார்த்தவளுக்கு என்ன தோன்றும்? யாரும் பயத்தோடு பிறப்பதில்லை, பெற்றவர்கள்தான் ஊட்டுகிறோம் என்று தோன்றியது. என் பபூன் பயத்தையும் அம்மாவின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். நாடகக் கொட்டகையில் அவள்தான் என் கண்ணைப் பொத்தினாள், அவள் கை நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் என் வயிற்றில் பிள்ளை வந்தபோது ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். இது என்னோடு நிற்கட்டும். என் பிள்ளைக்கு நான் இதைக் கொடுக்கப் போவதில்லை.

மகள் பிறந்தாள். அத்தானுக்கு அவள் உயிர். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி, ஒரு காலால் மிதித்துக்கொண்டே ஒரு கையால் ஆட்டுவார். நாடகம் முடிந்து காலையில் வருகிறவர், முகத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துச் சுத்தமாகத்தான் வீட்டுக்குள் நுழைவார். அது வழக்கமா, எனக்காகச் செய்ததா என்று அப்போது யோசித்ததில்லை.

மகளுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மஹாலில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ முதல் பிறந்தநாள். பலூன் கொடுக்க ஒரு ஜோக்கர் வேண்டும் என்று அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு மணிக்கு முடிந்துவிட்டது. மஹாலில் தண்ணீர் இல்லை. கூட வந்தவரின் வண்டி உடனே கிளம்பியது. அத்தான் வேஷத்தோடேயே ஏறிவிட்டார். நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு அரைநாள் விடுப்பு.

மாலை நாலரை மணி. நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் எனக்கு எதிரே ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அவர் குரல் கேட்டது.

"ஏ பெரிய மனுசி! எங்கன இருக்கீக?"

அவளை அப்படித்தான் கூப்பிடுவார். குரலைக் கேட்டதும் மகள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வாசலை நோக்கித் தவழ்ந்தாள். நிலைப்படியில் அந்த முகம் தெரிந்தது. வெள்ளை. சிவப்பு வட்டங்கள். காது வரைக்கும் வரைந்த வாய்.

அவள் தவழ்வதை நிறுத்தினாள். அழவில்லை. பயந்த மாதிரியும் தெரியவில்லை. பெரியப்பாவின் குரல் இருக்கிறது, பெரியப்பாவின் முகம் இல்லை. அந்தக் கணக்கு அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஒரு கையைத் தரையிலிருந்து தூக்கியபடி அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு பார்வையை நான் சந்தித்ததில்லை. பேச்சு வராத, நடக்கத் தெரியாத ஒரு உயிர் என்னிடம் தெளிவாக ஒரு கேள்வி கேட்டது. அம்மா, இது சரியா?

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். உதட்டை விரித்தேன், தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் மடித்த துணியை நெஞ்சோடு சேர்த்து என் கைகள் இறுக்கிக்கொண்டதை நான் அறியவில்லை. அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாளோ, கண்ணைப் பார்த்தாளோ, மூச்சைக் கேட்டாளோ. இரண்டு நொடி, மூன்று நொடி படித்தாள். பிறகு அவள் முகம் கோணியது. அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் வீறிட்டாள்.

அத்தான் திரும்பி வெளியே போய்விட்டார். கொல்லைப்புறக் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய நெஞ்சு என் நெஞ்சின் மேல் அடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே வேகத்தில் அடித்தன. எந்தப் பிடி, எந்த மூச்சு என்று மற்ற தாய்மார்களைப் புதன்கிழமைதோறும் குற்றம் பார்த்தவள் நான். என் வீட்டில், என் தீர்மானத்தை எல்லாம் தாண்டி, என் உடம்பு என்னைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டது.

அவர் முகம் துடைத்து உள்ளே வந்தபோது நான் அழுதுவிட்டேன்.

"அத்தான், ஒங்களப் பாத்து இல்ல. எனக்கு அந்த வேசம்னா சின்னதுலருந்தே…"

"தெரியும் தாயி" என்றார். "காலண்டர் மாட்டுனப்பவே தெரியும்."

"பிள்ளைக்கும் குடுத்துட்டேன்."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் என்னோடு இவ்வளவு பேசினார்.

"இருவது வருசமா மேடையில நிக்கேன். முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைகளப் பாத்துக்கிட்டேதான் ஆடுவேன். கைப்பிள்ளைக அழுகாது. ஒரு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளைக நம்ம பிள்ள மாதிரிதான், மொதல்ல ஆத்தா மூஞ்சியப் பாக்கும். ஆத்தா சிரிச்சா அதுவும் சிரிக்கும். ஆனா ஒண்ணு ரெண்டு இருக்கும் தாயி. யாரு மூஞ்சியையும் பாக்காது. ஆத்தா சிரிச்சுக்கிட்டு இருப்பா, அய்யா கைதட்டிக்கிட்டு இருப்பாரு. அது நேரா என்னையவே பாத்து அலறும். அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அத விடு. எனக்குப் பல்லின்னா பயம்" என்றார். "எங்க வீட்டுல யாருக்கும் கெடையாது. ஒங்க வீட்டுக்காரன் சின்னதுல பல்லிய வாலப் பிடிச்சுத் தூக்குவான். நான் மேடையில நிக்கையில மேல தட்டியில ஒண்ணு ஓடுச்சுன்னா வசனம் மறந்துபோகும். எங்கருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவோடு சண்டை போடவே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா முற்றத்தில் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீதானம்மா எனக்குக் குடுத்த. இப்ப அது எம்பிள்ளைகிட்ட போயிருச்சு" என்றேன்.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நானா? எனக்கு என்னடி பயம்? கல்யாணத்துக்கு முந்தி பபூன் வாரதப் பாக்கத்தான் முன்னாடி போயி எடம் பிடிப்போம்."

"எங் கண்ணப் பொத்துனது நீதான?"

"அது பெறகுல்ல." காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். "நீ பத்து மாசப் பிள்ள. மடியில வச்சிருக்கேன். பபூன் என்னமோ சொன்னாரு, நான் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. திடீர்னு நீ வெறைச்சுட்ட. கத்தக்கூட இல்ல. கண்ணு அவரு மேலயே நிக்குது, மூச்சு வரல, ஒதடு நீலம் பாஞ்சுருச்சு. ஒங்க அய்யா தூக்கிக்கிட்டு ஓடுனாரு. தண்ணிய அடிச்சு, முதுகத் தட்டி, பெறகுதான் கத்துன. அன்னைக்கு ஒன்னையப் பாத்துத்தான் நான் பயந்தேன். அதுக்குப் பெறகு எனக்கு அந்த மூஞ்சியப் பாத்தாலே கையி நடுங்கும். நான் ஒனக்குக் குடுக்கல ஆத்தா. நீதான் எனக்குக் குடுத்த."

வெயிலில் மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. நானும் ஒரு வற்றலை எடுத்துக் காம்பு கிள்ளினேன். முப்பது வருடமாக எனக்குள் இருந்த கதை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் முகத்தைக் கேட்கவேயில்லை. அத்தான் சொன்ன அந்த ஒன்று இரண்டு பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஒரு பத்து மாதக் குழந்தை, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றைத் தானாகக் கண்டு மூச்சை நிறுத்தியிருக்கிறது. அந்தக் குழந்தை நான்தான் என்பது எனக்கே நம்பமுடியாததாக இருந்தது. என் மகளோ என்னிடம் கேட்டுத்தான் பயந்தாள். ஒரே பயம், ஒரே குடும்பம். எனக்கு வந்த வழி வேறு, அம்மாவுக்கு வந்த வழி வேறு, மகளுக்கு வந்த வழி வேறு.

திரும்பி வந்து அத்தானிடம் ஒன்று கேட்டேன். "எங்க ரெண்டு பேரு முன்னாடியும் உக்காந்து வேசம் போட்டுக் காட்டுவீங்களா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெளிச்சத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். மகள் என் மடியில். அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்தார். பேசிக்கொண்டே குழைத்தார். "பெரிய மனுசி, இது என்ன தெரியுமா? இது பெரியப்பாவோட சட்டை. மூஞ்சிக்குப் போடுற சட்டை." நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். மகள் பார்த்தாள். மூக்கில் ஒன்று. கன்னத்தில் ஒன்று. அவர் குரல் மாறவேயில்லை. நெற்றி வெள்ளையானது, கன்னங்கள் வெள்ளையாயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

பிறகு புருவத்தின் மேல் வெள்ளையை இழுத்தார். அந்த ஒரு இழுப்பில் என் முதுகு சில்லென்றது. அங்கே அத்தான் இல்லை.

அவர் கையை நிறுத்தினார்.

"இங்கனதான?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் துணியால் ஒரு புருவத்தைத் துடைத்தார். அத்தான் திரும்பி வந்தார். மறுபடி பூசினார், போனார். துடைத்தார், வந்தார். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். ஒரு மனிதனை மனிதனாகக் காட்டுவது விரல் அகலம்கூட இல்லாத அந்த இரண்டு ரோமக் கோடுகள்தானா? மனிதன் இருக்க வேண்டிய இடத்தில் மனிதனைப் போன்ற ஒன்று இருப்பதைத்தான் நான் பத்து மாதத்தில் கண்டு மூச்சடைத்தேனா? மகளுக்கு இது கண்ணாமூச்சி ஆட்டமாகிவிட்டது. புருவம் வரும்போதெல்லாம் கைதட்டிச் சிரித்தாள்.

முழு வேஷமும் முடிந்தது. என் உள்ளங்கை நனைந்திருந்தது. ஆனால் எழுந்து ஓடவில்லை. மகள் மடியிலிருந்து முன்னால் சாய்ந்து, கிண்ணத்தில் விரலை விட்டாள். வெள்ளையை அள்ளி, திரும்பி, என் கன்னத்தில் பூசினாள். இன்னொரு முறை அள்ளி என் புருவத்தில் இழுத்தாள்.

பூசிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு நின்றது. நான் அசையவில்லை. என் மகளுக்கு நான் இப்போது அந்த முகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அத்தானைப் பார்த்தாள். வெள்ளை அப்பி, வாய் வரைந்து, புருவம் இல்லாமல் இருந்த அந்தப் பபூனிடம், இது சரியா என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். அத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து எப்படித்தான் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்ததோ. மகள் என் பக்கம் திரும்பிக் கலகலவென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை கைகளும் சிரித்தன என்று நினைக்கிறேன்.

மறுவருடம் பங்குனியில் அவருடைய நாடகத்துக்குப் போனேன். பின்வரிசையில்தான் உட்கார்ந்தேன், வியர்க்கத்தான் செய்தது. முக்கால்மணி நேரம் தாக்குப்பிடித்தேன். இரண்டு வயது மகள் அவள் அப்பாவோடு முன்னால் போய் உட்கார்ந்து, "அது எங்க பெரியப்பா" என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமைகளில் இப்போது தாய்மார்களை நான் கடிந்துகொள்வதில்லை. குழந்தை யார் முகத்தைப் பார்க்கிறது என்று மட்டும் கவனிக்கிறேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். நண்டின் முதுகோட்டைப் பிடித்துத் தூக்குவாள், துள்ளுகிற மீனை அமுக்குவாள், எதற்கும் அஞ்சாதவள். வலையிலிருந்து ஒரு அக்கா கம்பால் எதையோ எடுத்து ஈரமணலில் எறிந்தார். கறுப்பும் மஞ்சளுமாக வளையம் போட்ட கடல்பாம்பு. மெல்லச் சுருண்டு நீண்டது.

எனக்குப் பாம்பு பயம் இல்லை. மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள், வழியில் கிடந்தால் ஒதுங்கி நடப்பேன், அவ்வளவுதான். வீட்டில் யாரும் பாம்பைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. செல்போனில் எப்போதாவது பார்த்திருப்பாளோ, தெரியாது. அந்த அக்கா சாவகாசமாக, "தள்ளி நில்லு ஆத்தா, வெசம்" என்று சொல்வதற்கு முன்பே மகள் நின்றுவிட்டாள்.

என் முகத்தை அவள் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அவள் கண்கள் அந்த வளையங்களை விட்டு நகரவேயில்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்தேன். வெயிலில் சூடேறிய அந்தச் சின்னக் கையில், பூனைமுடி போன்ற ரோமங்கள் ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டு நின்றன. நான் கொடுக்காத ஒன்று, என் அம்மாவும் கொடுக்காத ஒன்று, எங்களுக்கெல்லாம் எவ்வளவோ முன்னால் யாரோ எங்கேயோ கற்றுக்கொண்ட ஒன்று, என் விரல்களுக்குக் கீழே விழித்துக்கொண்டு நின்றது.

அந்த அக்கா பாம்பைக் கம்பில் மாட்டி அலையில் வீசினார். அது நீருக்குள் இறங்கி, நெளிந்து, ஆழத்தை நோக்கிப் போனது. அது மறைந்த இடத்தையே பார்த்தபடி நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நின்றோம்.